முதல் தலைமுறை வழக்கறிஞரின் முதல் மூன்று ஆண்டுகள்: மாவட்ட நீதிமன்றமா, உயர் நீதிமன்றமா, சட்ட உதவிப் பணியா?

குடும்பத்தில் வழக்கறிஞர் எவரும் இல்லாமல் அரசு சட்டக் கல்லூரியில் படித்து வெளிவரும் தமிழ்நாட்டு மாணவருக்கு, வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் அமைப்பான பார் கவுன்சிலின் பதிவுக் கட்டணம் இன்று பெரிய தடையாக இருக்கக் கூடாது. வழக்கறிஞர்கள் சட்டம் நிர்ணயித்த 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதியினர், பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல், அக்கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 30 அன்று தீர்ப்பளித்துவிட்டது. உண்மையான சிக்கல் பதிவுக்குப் பிறகுதான் தொடங்குகிறது: தொழில் கைக்கு வரும்வரை எந்த மூத்த வழக்கறிஞரிடம் (சீனியரிடம்) உதவி வழக்கறிஞராக, அதாவது ஜூனியராக, இருப்பது, அதுவரை வாடகையை எப்படிக் கொடுப்பது?

பலருடைய கண் முதலில் செல்வது உயர் நீதிமன்றத்தின் மீது. ரிட் மனுவும் (அரசின் நடவடிக்கையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் நேரடியாகத் தாக்கல் செய்வது) மேல்முறையீடும் சட்டத்தை ஆழமாகக் கற்றுத்தரும் என்பதில் ஐயமில்லை. ஆனால், பெரிய சீனியரின் அலுவலகத்தில் புதிய ஜூனியருக்கு வாய்ப்பது பெரும்பாலும் காஸ் லிஸ்ட் (அன்றைய வழக்குப் பட்டியல்) பார்ப்பது, கேஸ் கட்டைச் சரிபார்ப்பது, பிரமாணப் பத்திரத்துக்கு வரைவு எழுதுவது ஆகியவைதான். அரசியலமைப்பின் 348ஆவது பிரிவின்படி அங்கே நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நடப்பதால், தமிழ்வழியில் படித்தவர் சட்ட அறிவு இருந்தும் வாய் திறக்கத் தயங்குகிறார். அந்தத் தயக்கத்தைத் திறமைக் குறைவு என்று மற்றவர்கள் எடைபோட்டுவிடுவது எனக்கு எப்போதும் வேதனை தருவது.

மாவட்ட நீதிமன்றத்தில் நிலைமை வேறு. சாட்சி தமிழில் பேசுகிறார், குறுக்கு விசாரணையும் தமிழில் நடக்கிறது. சீனியர் பக்கத்து நீதிமன்றத்தில் வாதாடிக்கொண்டிருக்கும்போது இங்கே வழக்கு அழைக்கப்பட்டால், ஜூனியர்தான் எழுந்து நின்று காரணம் சொல்லி வாய்தா கேட்க வேண்டும். வாய்தாவில் தொடங்கி, ஜாமீன் மனு, சிறு வழக்கில் முதல் குறுக்கு விசாரணை என்று படிப்படியாகக் குரல் பழகுகிறது. கட்சிக்காரர்களோடு நேரடியாகப் பழகுவதால், சொந்த வக்காலத்தும் (தன் பெயரிலேயே வழக்கு நடத்தக் கட்சிக்காரர் தரும் அதிகாரம்) இங்கேதான் விரைவில் வரும்.

பணத்தைப் பொறுத்தவரை இரண்டு இடத்திலும் ஏமாற்றத்துக்கு வழியுண்டு. ஜூனியர்களுக்கு நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் கிராமப்புறங்களில் 15,000 ரூபாயும் தரலாம் என்று இந்திய பார் கவுன்சில் 2024 அக்டோபரில் அனுப்பிய சுற்றறிக்கை பரிந்துரை மட்டுமே. பஸ் செலவுக்கு மட்டும் கொடுக்கும் அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன. எனவே, சேரும் முன்பே மாதத் தொகை எவ்வளவு, சொந்த வழக்கு எடுக்கலாமா என்ற இரண்டையும் கூச்சமின்றிக் கேட்டுவிட வேண்டும். சொந்த ஊரிலிருந்தே நீதிமன்றம் போய்வர முடிந்தால் வாடகை மிச்சமாகும்; அந்த மிச்சமே பலரைத் தொழிலில் நிலைக்க வைக்கிறது.

வீட்டுக்கு மாதந்தோறும் பணம் அனுப்பியே ஆக வேண்டியவருக்கு மூன்றாவது வழி பொருந்தும். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் கீழ் இயங்கும் சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் அமைப்பில் (சட்ட உதவி பெறத் தகுதியுள்ள குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடுவது), உதவி வழக்கறிஞர் பணிக்கு மூன்றாண்டுக்கு உட்பட்ட அனுபவமுள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம். மாத மதிப்பூதியம் உண்டு. ரிமாண்ட் (கைதானவரைக் காவலில் வைக்க நீதிமன்றம் உத்தரவிடுவது) நிலையிலிருந்தே குற்ற வழக்குகளைக் கையாளலாம். ஆனால், அது ஒப்பந்தப் பணி, தனிப்பட்ட வழக்கு எடுக்க முடியாது, சிவில் அனுபவமும் கிடைக்காது.

கார்ப்பரேட் சட்ட நிறுவனங்கள் நல்ல சம்பளம் தந்தாலும் பெரும்பாலும் தேசிய சட்டப் பல்கலைக்கழக வளாகங்களிலேயே ஆளெடுப்பதால், அதை மட்டும் நம்பியிருப்பது சரியல்ல.

நீதிபதி தேர்வை மனத்தில் வைத்திருப்பவருக்கும் என் பரிந்துரை மாவட்ட நீதிமன்றமே. உச்ச நீதிமன்றம் 2025 மே 20 அன்று அளித்த தீர்ப்பு, சிவில் நீதிபதி தேர்வுக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவத்தை மீண்டும் கட்டாயமாக்கியது. அகில இந்திய பார் தேர்வில் தேறும் முன் கிடைக்கும் தற்காலிகப் பதிவு நாளிலிருந்தே அது கணக்கிடப்படும். தேர்வு எழுதாதவர், அந்த மூன்றாண்டுக்குப் பின், தானே விசாரணை நடத்திய வழக்கின் மேல்முறையீட்டோடு உயர் நீதிமன்றம் செல்லலாம்; அப்போது அந்த வழக்கின் ஒவ்வொரு பக்கமும் அவருக்குத் தெரிந்திருக்கும்.