வாசலுக்கு ராம்ப், கூடவே ‘பர்மிஷன்’ – 68,500 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாராக இருங்கள்

நேற்றுக் காலை பத்தேகாலுக்கு ஜேசிபி வந்தது. பத்தரைக்குள் எங்கள் வாசல் ராம்ப் ஜல்லியும் கம்பியுமாகக் கிடந்தது. கட்டி முடித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 68,500 ரூபாய். கோபம் ஆறிவிட்டால் சோம்பேறித்தனத்தில் எழுதாமல் விட்டுவிடுவேன் என்பதால் இன்றே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எங்களுக்கு ராம்ப் ஏன் தேவைப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். போன வருடம் எங்கள் சாலையில் புது மழைநீர் வடிகால் கட்டினார்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் நடக்கிற கதைதான். வடிகாலின் மேல் ஸ்லாப் சாலையைவிட ஒன்றரை அடி உயரத்தில் நிற்கிறது. கேட்டைத் திறந்தால் ஸ்லாப், அதைத் தாண்டினால் பள்ளம். ஸ்கூட்டரை இறக்க இரண்டு பேர் வேண்டும், கார் வெளியே வரவே முடியாது. அம்மாவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை ஆகியிருக்கிறது, வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். கட்டியவர்களிடம் கேட்டதற்கு, “சரிவு எங்க எஸ்டிமேட்ல இல்ல சார், நீங்க போட்டுக்கங்க” என்று போய்விட்டார்கள். தெருவில் ஆளாளுக்கு உடைந்த செங்கல்லையும் ரப்பிஷையும் கொட்டி, மேலே கொஞ்சம் சிமென்ட் பூசி ஒப்பேற்றினார்கள். நான்தான் பெரிய மனுஷத்தனமாக முறைப்படி அனுமதி வாங்கிச் செய்யலாம் என்று கிளம்பினேன். அனுமதி வாங்க நினைத்த ஒருவன்தான் இந்தத் தெருவிலேயே அதிகம் ஏமாந்தவன் என்பதை நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் செயலி ஒன்றில் தேடினேன். பெயர் வேண்டாம், அந்த ரகத்தில் நாலைந்து இருக்கின்றன. “ராம்ப், கல்வெர்ட், வடிகால் ஸ்லாப் வேலை – நகராட்சி அனுமதியுடன்” என்று போட்டிருந்தார் ஒருவர். நான்கரை நட்சத்திரம். நேரில் வந்து பார்க்க 199 ரூபாய், அதைச் செயலியிலேயே கட்டினேன். மறுநாள் காலை சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே வந்தார். கழுத்தில் அடையாள அட்டை. கையில் லெவல் டியூப். தண்ணீர் நிரப்பி, கேட்டில் ஒரு முனை, சாலையில் ஒரு முனை வைத்து அளந்து, “எட்டடிக்கு ஓரடி இறக்கம் இருந்தாதான் கார் அடி தட்டாது சார், உங்க வாசலுக்கு பன்னெண்டு அடி வெளிய வரணும்” என்றார். கணக்கு சரிதான். ஆனால் அந்தப் பன்னிரண்டு அடி யாருடைய இடம் என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இப்போது நான் விழுந்த இடத்துக்கு வருகிறேன். முன்பணம் 25,000 பேசினோம். ஐந்நூறு ரூபாய்த் தாள்களாக எண்ணிக் கொடுத்தேன். அவர் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு முறை எண்ணினார். பிறகு ஒரு தாளைத் தனியாக எடுத்து என் கையில் வைத்தார். “ஒண்ணு கூட வந்துடுச்சு சார். அடுத்தவங்க காசு நமக்கு ஒட்டாது.”

அவ்வளவுதான், நான் காலி. அந்த ஐந்நூறைத் திருப்பிக் கொடுத்தவர் மேல் அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகமே வரவில்லை. உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா, “நல்ல பிள்ளையா இருக்கானே” என்று மோர் கொடுத்தார். யோசித்துப் பார்த்தால், உண்மையிலேயே நான் ஒரு தாள் கூடுதலாக வைத்தேனா, அல்லது அவன் பையிலிருந்து எடுத்து நீட்டினானா என்றுகூட இப்போது சந்தேகமாக இருக்கிறது. (இனி ‘அவன்’ என்றே எழுதுகிறேன். மரியாதை கொடுத்தது போதும்.)

அடுத்த வாரம் “அனுமதிச் செலவு” என்று 18,500 கேட்டான். கட்டணம் எவ்வளவு, ரசீது உண்டா என்று கேட்டேன். “கட்டணம் கொஞ்சம் சார், மேல கொஞ்சம் இருக்கும், உங்களுக்குத் தெரியாததா” என்று சிரித்தான். இங்கே நான் யோக்கியன் வேஷம் போடப் போவதில்லை. ‘மேல கொஞ்சம்’ என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது. புரிந்தும் கேட்காதவன்போல் பணத்தை எடுத்துக் கொடுத்தேன். நான்கு நாள் கழித்து ஒரு கடிதம் கொண்டுவந்தான். தலைப்பில் நகராட்சியின் பெயர், ந.க. எண், தேதி, நீல முத்திரை, கிறுக்கலாக ஒரு கையெழுத்து. “மேற்படி கட்டடத்தின் முகப்பில் சாய்தளம் அமைத்துக்கொள்ள ஆட்சேபணை இல்லை.” அதை லேமினேட் செய்து பீரோவில் வைத்தேன், பத்திரத்தோடு பத்திரமாக.

வேலை மூன்று நாளில் முடிந்தது. நன்றாகவே கட்டினான், அதையும் சொல்ல வேண்டும். பத்து எம்எம் கம்பி, மேலே வழுக்காமல் இருக்கக் கோடு போட்ட காங்கிரீட். ஆனால் வடிகாலுக்குள் சாலைத் தண்ணீர் இறங்கும் துளைகள் இரண்டையும், ஆள் இறங்கித் தூர்வாரும் மூடி ஒன்றையும் சேர்த்து மூடிவிட்டான். “அது அடைச்சாலும் பக்கத்துல வேற இருக்கு சார்.” மீதி 25,000 கொடுத்தேன். ஆக மொத்தம் 68,500. செயலி வழியாகப் போனது அந்த 199 மட்டும். “செயலியில கட்டினா அவங்க கமிஷன் எடுப்பாங்க, அது உங்க தலையிலதான் விடியும்” என்றான். நமக்கு மிச்சமாகிறதே என்று நானும் ரொக்கமாகவே கொடுத்தேன்.

பருவமழைக்கு முன்னால் வடிகால் தூர்வாரும் வேலை தொடங்கியது. ஒரு நாள் தெருவில் சிவப்பு பெயின்ட்டில் கோடு போட்டுக்கொண்டு போனார்கள். அடுத்த நாள் கேட்டில் நோட்டீஸ். ஏழு நாளுக்குள் ஆக்கிரமிப்பை நீங்களே அகற்றாவிட்டால் நாங்கள் அகற்றுவோம் என்று. உடனே அவனுக்கு போன் செய்தேன். “அது எல்லாருக்கும் ஒட்டுறது சார். உங்ககிட்டதான் பர்மிஷன் இருக்கே. வந்தா காட்டுங்க, திரும்பிப் போயிடுவாங்க.” நம்பினேன். எதிர் வீட்டுப் பெரியவர் ஆள் வைத்துத் தன் வீட்டுச் செங்கல்லை அள்ளிப் போட்டார். “தம்பி, நீங்களும் எதுக்கும் ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்குங்களேன்” என்றார். “எங்களுக்கு அனுமதி இருக்குங்க ஐயா” என்றேன் நான். எவ்வளவு திமிர்!

நேற்று லேமினேட் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஜேசிபி முன்னால் நின்றேன். வந்திருந்த பொறியாளர் அதை வாங்கிப் படித்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “சார், இது நகராட்சி ரோடே இல்லையே. நெடுஞ்சாலைத் துறை ரோடு. நகராட்சி எப்படிங்க இதுல என்.ஓ.சி. குடுக்கும்?”

எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நகராட்சி எல்லைக்குள் இருக்கிற சாலை எல்லாம் நகராட்சிச் சாலை கிடையாது. மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, இதர மாவட்டச் சாலை என்பவை ஊருக்கு நடுவே ஓடினாலும் மாநில நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருக்கும். அவற்றின் ஓரத்தில் ஆக்கிரமிப்பை அகற்ற 2001-ம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் அவர்களுக்கு அதிகாரம் தருகிறது. தேசிய நெடுஞ்சாலை என்றால் இன்னும் கறார். 2002-ம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி, முன் அனுமதி இல்லாமல் அதை நோக்கி ஒரு வாசல்கூடத் திறக்கக்கூடாது. பெட்ரோல் பங்க்குக்கும் அதே கதிதான். உள்தெருக்கள்தான் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சியின் பொறுப்பு. அங்கேயும் காம்பவுண்டு சுவருக்கு வெளியே ஓர் அடிகூட நமக்குச் சொந்தமில்லை. சரிவு வேண்டுமானால் நம் மனைக்குள்ளேயே போட வேண்டும். வடிகாலைக் கடக்கத் தூக்கி எடுக்கிற மாதிரி ஸ்லாபோ இரும்புக் கிரேட்டிங்கோ போட விண்ணப்பிக்கலாம், ஆனால் தண்ணீர் இறங்கும் துளையையும் தூர்வாரும் மூடியையும் தொடக்கூடாது. பொறியாளர் ஜேசிபி சத்தத்துக்கு நடுவே இதையெல்லாம் சொன்னார். பொறுமையான மனிதர், அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஒன்றரை அடி உயரத்தில் வடிகாலைக் கட்டிவிட்டு, வீட்டுக்காரன் எப்படி வெளியே வருவான் என்று யோசிக்காமல் வரைபடம் போட்டவர் மேல்தான் கோபம்.

மதியம் நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். கடிதத்தில் இருந்த எண்ணைப் பதிவேட்டில் தேடினார்கள். அந்த எண்ணில் இருந்தது யாரோ ஒருவரின் குடிநீர் இணைப்பு விண்ணப்பம். “இதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்? போலி முத்திரைன்னா போலீஸ்ல குடுங்க.” போலீஸில், “பணம் குடுத்து வேலை வாங்கியிருக்கீங்க, வேலையும் செஞ்சிருக்கான். இது சிவில் மேட்டர் சார், கோர்ட்டுக்குப் போங்க.” போலிக் கடிதம் எப்படி சிவில் ஆகும் என்று கேட்டதற்கு, நாளைக்கு வாங்க என்றார்கள். இன்று போனேன். அந்த அதிகாரி பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறாராம்.

அவனுடைய எண் நேற்று மதியம்வரை மணி அடித்தது. ஒருமுறை எடுத்து, “சைட்ல இருக்கேன் சார், சாயங்காலம் கூப்பிடுறேன்” என்றான். அதற்குப் பிறகு ஸ்விட்ச் ஆஃப்.

செயலியின் வாடிக்கையாளர் சேவை இருக்கிறதே, அது தனி ரகம். முதலில் ஒரு இயந்திரக் குரல், அப்புறம் இருபது நிமிடம் பாட்டு, கடைசியில் ஒரு பெண். “உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் சார். எங்கள் வழியாகச் செலுத்திய தொகைக்கு மட்டுமே நாங்கள் பொறுப்பு. அதைத் திருப்பித் தர ஏற்பாடு செய்கிறோம்.” எவ்வளவு என்றேன். 199 ரூபாய். அதுவும் பணமாக இல்லை, அடுத்த முன்பதிவில் கழித்துக்கொள்ளும் கூப்பனாக! 68,500 ரூபாய் போனவனுக்கு 199 ரூபாய்க் கூப்பன். அவனுடைய பக்கத்தை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். “பரிசீலனையில் உள்ளது” என்றார். இதை எழுத உட்காரும் முன் பார்த்தேன். பக்கம் அப்படியே இருக்கிறது. முடித்த வேலைகளின் படங்களில் மூன்றாவது, எங்கள் வீட்டு ராம்ப். பக்கத்தில் அம்மாவின் துளசி மாடம்கூடத் தெரிகிறது.

இதற்கு மேல் என்ன செய்யலாம் என்று விவரமாக எழுதுவதாகத்தான் ஆரம்பித்தேன். தெம்பு இல்லை. தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன்.

வாசலில் ஒரு கல் வைப்பதற்கு முன்னால், அது யாருடைய சாலை என்று கேளுங்கள். வெளியூர்ப் பெருஞ்சாலை என்றால் கிலோமீட்டர் கல் சொல்லிவிடும். தலையில் மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநிலம். ஊருக்குள் கல்லைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி எழுதிக் கேளுங்கள், முப்பது நாளில் பதில் தர வேண்டும். நான் பத்து ரூபாய்க்குக் கேட்டிருக்க வேண்டியதை 68,500 கொடுத்துத் தெரிந்துகொண்டிருக்கிறேன்.

அனுமதிக்கு உங்கள் பெயரில் நீங்களே விண்ணப்பியுங்கள், கட்டணத்துக்கு அலுவலக ரசீது வாங்குங்கள். எவன் கொண்டுவந்து கொடுத்தாலும் கடிதத்தின் எண்ணை அலுவலகத்தில் காட்டிச் சரிபாருங்கள். பத்து நிமிட வேலை.

ரொக்கம் வேண்டாம். செயலியில் ஆள் பிடித்தால் செயலியிலேயே கட்டுங்கள், கமிஷன் போனால் போகட்டும். புகார் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும் என்று 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. எனக்கு இதுவரை புகார் எண்கூட வரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகப் போகிறேன். இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம், நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.

நோட்டீஸ் வந்தால் அன்றைக்கே அலுவலகத்துக்கு ஓடுங்கள். கட்டியவனுக்கு போன் போடாதீர்கள். நான் அந்த ஏழு நாளைச் சும்மா விடாமல் இருந்திருந்தால் கம்பியையாவது எடுத்திருப்பேன்.

இன்னும் இரண்டு மூன்று விஷயம் இருந்தது, ஞாபகம் வரமாட்டேன் என்கிறது. நாளைக் காலை அம்மாவைப் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக வேண்டும். அந்த ஒன்றரை அடிக்குப் போட எதிர் வீட்டுப் பெரியவர் ஒரு பலகை தருகிறேன் என்றிருக்கிறார். போய் வாங்கி வருகிறேன்.