கோத்தகிரியில் வாங்கிய குருவி அட்டைகள்

கோத்தகிரி மார்க்கெட் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷனரி கடையில், கையால் வரைந்து அச்சடித்த பறவை அட்டைகள் விற்கிறார்கள். ஆசியாவின் குரோஸ்பீக் (தடித்த அலகுக் குருவி) வகைகளில் ஆறு, ஒரே கட்டு, 180 ரூபாய். பள்ளியில் இயற்கை மன்றம் நடத்துகிறேன், அதற்காக வாங்கினேன்.

முன்பக்கம் ஆண், பெண் இரண்டின் படமும் இருக்கிறது. பின்பக்கம்தான் விசேஷம்: அறிவியல் பெயர் எப்படி வந்தது என்று நல்ல தமிழில் எழுதியிருக்கிறார்கள். இமயமலைப் பக்கத்து நான்கு வகைக்கும் பொதுவான பேரினப் பெயர், அதாவது அறிவியல் பெயரின் முதல் சொல், மைசெரோபாஸ். பறவையியலாளர் கபானிஸ் 1847-ல் வைத்தது. கிரேக்கத்தில் பாதாம் கொட்டை உடைப்பது என்று பொருள். இதைப் படித்துவிட்டு படத்தைத் திருப்பினால், பாக்குவெட்டி மாதிரி இருக்கும் அந்த அலகு மேலேயே கண் நிற்கிறது. "மிஸ், இது கடிச்சா விரல் போயிடுமா?" என்று ஆறாம் வகுப்புப் பையன் கேட்டான்.

ஒவ்வொரு வகைக்கும் தனியாக வருவது இரண்டாம் சொல். அதில் இக்டெரியாய்டஸ் அட்டையில் ரொம்ப நேரம் நின்றோம். அமெரிக்காவின் மஞ்சள் கறுப்புப் பறவையான இக்டெரஸ் போல இருப்பது என்று அர்த்தம். ஆனால் பக்கத்திலேயே பெண் பறவை சாம்பல் நிறத்தில் உட்கார்ந்திருக்கிறது! ஆணை மட்டும் பார்த்தால்தான் பொருந்தும் பெயர் என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். அடுத்தது அஃபினிஸ், அதாவது உறவுக்காரன். இரண்டு ஆண்களும் அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும், தொடையைப் பார்க்க வேண்டும்: முதலாவதுக்குக் கறுப்பு, இதற்கு மஞ்சள். ஓவியர் அதைச் சரியாகப் பிடித்திருக்கிறார்.

இமயமலை வகை நான்கும் போக, மற்ற இரண்டும் கிழக்காசியக் குருவிகள், பேரினம் இயோஃபோனா. விடியலின் குரல் என்று பறவையியலாளர் கூல்ட் 1851-ல் வைத்த பெயர். இவற்றின் அமெரிக்க உறவுக் குருவிக்கு அதற்கு முந்தைய வருடம்தான் போனபார்ட் என்ற பறவையியலாளர் மாலையின் குரல் என்று பெயர் வைத்திருந்தார். இந்தப் பெயர் ஜோடி எனக்கு ரொம்பப் பிடித்தது. அட்டையில் இதற்கு ஒரே ஒரு வரிதான் கொடுத்திருக்கிறார்கள், இன்னும் சொல்லியிருக்கலாம்.

குறை என்றால் இமயமலை வகைகளில் ஒன்றான கார்னிபெஸ் அட்டைதான். நேபாளத்தில் இருந்த இயற்கை ஆய்வாளர் ஹாட்ஜ்சன் 1836-ல் வைத்த பெயர், சதை நிறக் கால் என்று பொருள். அந்தக் காலே அச்சில் சாம்பலாக வந்திருக்கிறது. பெயரைச் சொல்லிக்கொடுக்கும் அட்டையில் இந்த ஒரு நிறமாவது தப்பாமல் இருக்க வேண்டாமா? அப்புறம், லேமினேஷன் இல்லை. எங்கள் ஊர்ப் பனிக்கு ஓரம் சுருண்டுவிடுகிறது. பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.

பறவை பார்க்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் தாராளமாக வாங்கலாம். கடை அக்காவிடம் நீலகிரிப் பறவைகளுக்கும் ஒரு கட்டு போடச் சொல்லியிருக்கிறேன். குளிர்காலத்தில் இங்கே வரும் ரோஸ்பிஞ்ச் இதே குடும்பம்தான், அதன் பெயர் கார்ப்போடாகஸ், பழம் கடிப்பது. மலைச் சோலைக் காட்டுப் பறவைகளுக்கு 2017-ல் வந்த ஷோலிகோலா என்ற பேரினப் பெயரில் நம் சோலையே இருக்கிறது. ஓவியரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார் அக்கா.