கரிச்சான் கண்ணில் ஒளிப்பொட்டு: களத்தில் பிடிப்பதா, கணினியில் வைப்பதா?

பாலாற்றை ஒட்டிய வயல்களில் கரண்டுக் கம்பிக்குக் கம்பி ஒரு கரிச்சான் குருவி உட்கார்ந்திருக்கும். உடம்பு கருப்பு, கண்ணோ கருஞ்சிவப்பு. படத்தில் கண்ணுக்கு உயிர் கொடுக்கும் ஒளிப்பொட்டு, அதாவது கேட்ச்லைட், விழாவிட்டால் கண் எங்கே என்றே தெரியாது. அலகோரத்து வெள்ளைப் புள்ளியைப் பார்த்துக் கண் என்று நினைப்பவர்களும் உண்டு.

பொட்டு வரவைக்கும் வழிகளில் பிளாஷைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பகலில் அதன் ஒளியை இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைத்து அடித்தால் பொட்டு விழும். ஆனால் லென்ஸுக்கு நேர் மேலிருந்து வருவதால் ஊசி குத்தியதுபோல் கண்ணின் நடுவில் விழும். ஆந்தைக்கு அடித்தால் சில சமயம் கண்மணி முழுக்க ஒளிர்ந்துவிடும். இரவில் நான் அதிகம் எடுத்ததில்லை, அதனால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அடுத்தது லைட்ரூம், கணினியில் படத்தைத் திருத்தும் மென்பொருள். கண்ணை மட்டும் மாஸ்க் செய்து (தனியாகத் தேர்ந்தெடுத்து) எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்சத்தை, அரை ஸ்டாப் ஏற்றுவது ஒரு நிமிஷ வேலை. ஏற்கெனவே பொட்டு இருக்கிற படத்துக்கு நானும் அதைச் செய்கிறேன். இல்லாத கண்ணில் பிரஷ்ஷால் வெள்ளைப் புள்ளி வைப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

பறவையின் கண் உருண்டை. எதிரே இருப்பதெல்லாம் அதில் சின்னதாக விழும். காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் படுத்து எடுத்த நாமக்கோழிப் படத்தை 200 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தேன். சிவப்புக் கண்ணின் மேல் ஓரத்தில் சூரியன், சுற்றிலும் வெளிறிய வானம், நடுவில் நான் படுத்திருந்த கரையின் கருப்புக் கோடு, அதற்குக் கீழே தண்ணீரின் மினுக்கம். மேகமூட்டமான நாளில் கூர்மையான பொட்டுக்குப் பதிலாக அகலமான வெளிர் பட்டைதான் தெரியும். பிரஷ் வைக்கும் புள்ளியில் இது எதுவும் இருக்காது. அலகின் நிழல் விழும் பக்கத்திலேயே பொட்டும் இருந்தால் பழகிய கண்ணுக்கு உடனே பிடிபடும். போட்டிக்கு அனுப்புவதானால் இன்னும் கவனம் வேண்டும்: ஃபியாப் (சர்வதேச புகைப்படக் கலைக் கூட்டமைப்பு), பிஎஸ்ஏ (அமெரிக்கப் புகைப்படச் சங்கம்) ஆகியவற்றின் இயற்கைப் பிரிவு விதிகளின்படி காட்சியில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது.

அதனால் என் ஓட்டு களத்துக்குத்தான். வேலூர் வெயில் தெரிந்ததுதானே, எட்டரை மணிக்கு மேல் சூரியன் ஏறிவிட்டால் கண் புருவ நிழலுக்குள் போய்விடும். விடிந்ததும் போய், வெயில் முதுகில் படும்படி, பறவையின் கண்மட்டத்துக்குத் தாழ்ந்து உட்காருங்கள். அப்புறம் தொடர்ச்சியாக எடுங்கள். தலை லேசாகத் திரும்பினாலே பொட்டு வந்து போகும். ஒரு பிரேமிலும் விழவில்லையா, அந்தக் கரிச்சானை நிழலுருவமாக மாற்றிவிடுவேன். பிளந்த வாலுக்கு அது நன்றாகவே எடுபடும்.