வரம்பியலர் என்று அச்சிட்டுத் தந்த கடை

கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் உள்ள அச்சகத்தில் முகவரி அட்டை அடித்து வாங்கினேன். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வுபெற்றவன் நான். சூலக்கல், திருவாழிக்கல் என்று கோயில் நிலங்களின் எல்லைக்கற்களைத் தேடி நடப்பதே இப்போது வேலை. அப்படி எல்லைகளை ஆராய்பவருக்கு ஒரு பெயர் வேண்டாமா?

கிரேக்கத்தில் எல்லைக்கு ‘ஹோரோஸ்’ என்பார்கள். பழைய ஏதென்சின் சந்தைவெளியில் ‘நான் சந்தையின் எல்லை’ என்று தானே பேசும் கற்கள் நின்றன. ஆனால் அதிலிருந்து சொல் ஆக்கினால், நேரக்கணிப்புக் கலையான ஹோராலஜியோடு குழம்பிவிடும். நம்மிடம் ‘வரம்பு’ இருக்கிறது. வயல் வரப்பும் அதுவே, எல்லையும் அதுவே. அதோடு ‘இயல்’ சேர்த்து ‘வரம்பியலர்’ என்று எழுதிக்கொடுத்தேன்.

முதல் படியில் ‘வரம்பிலர்’ என்று வந்தது. ஒரு யகரம் விழுந்ததில் பொருளே தலைகீழ்; எல்லை இல்லாதவர் என்றாகிவிட்டது. சொன்னதும் கணினியில் இருந்த பெண் முகம் சுளிக்கவில்லை. “ஐயா, சொல்லைப் பிரித்துச் சொல்லுங்கள்” என்று கேட்டு, காகிதத்தில் எழுதிப் பார்த்துத் திருத்தினார். கூடுதல் பணமும் வாங்கவில்லை. அட்டை தடிமன், மை பரவவில்லை. ‘ம்பி’யின் மேல்விலங்கு கூடத் தெளிவாக விழுந்திருக்கிறது. மாலையில் மட்டும் கூட்டம் அதிகம், காலையில் போங்கள்.