யாருக்குப் போனது, எந்த வயலுக்குப் போனது: நிலப் பாதுகாப்பு மானியத்தில் அமெரிக்காவும் ஐரோப்பாவும்

மண்ணரிப்பைத் தடுக்கவும் பறவைகளுக்கு இடம் விடவும் அரசு விவசாயிக்குப் பணம் கொடுக்கிறது என்றால், யாருக்கு, எவ்வளவு, எந்த நிலத்துக்கு என்று மூன்றும் தெரிந்தாக வேண்டும். அமெரிக்கா முதல் இரண்டைச் சொல்கிறது, மூன்றாவதைப் பூட்டி வைத்திருக்கிறது.

அங்கே சிஆர்பி என்ற நிலப் பாதுகாப்புத் திட்டம் 1985-இல் வந்தது. சாகுபடியை நிறுத்திப் புல்லோ மரமோ வளர்க்க 10 முதல் 15 ஆண்டு ஒப்பந்தம். ஆண்டு வாடகை ஒருவருக்கு 50,000 டாலர் வரை. பெயர், முகவரி, தொகை மூன்றும் வெளிப்படை. ஈடபிள்யூஜி என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் தளத்தில் 1995 முதலான தொகைகளைத் தேடிப் பார்க்கலாம்.

ஆனால் அந்த முகவரி பணம் பெறுபவருடையது, வயலுடையது அல்ல. நிலம் கான்சாஸில், உரிமையாளர் சிகாகோவில் என்றால் மானியம் சிகாகோவுக்குப் போனதாகவே பட்டியல் காட்டும். சிஎல்யு எனப்படும் வயல் எல்லை வரைபடத்தை 2008 வரை யாரும் இறக்கிக்கொள்ள முடிந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் வயல் விவரங்களைக் கொடுக்கத்தான் வேண்டும் என்றது. சில மாதங்களிலேயே புதிய வேளாண் சட்டத்தின் 1619-ஆம் பிரிவு கதவை அடைத்துவிட்டது. இப்போது தகவல் கேட்டு மனுப் போட்டாலும் கவுண்டிவாரி (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற பிரிவு) ஏக்கர் கணக்குதான் மிஞ்சும். எந்த ஓடைக்கரையில் புல் வளர்கிறது என்பதை அதிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் சறுக்கல் வேறு இடத்தில் நடந்தது. வேளாண் மானியப் பயனாளிகள் எல்லாரையும் பெயரோடு வெளியிட்ட விதியை, தனிநபர்களைப் பொறுத்தவரை செல்லாது என்று ஒன்றிய நீதிமன்றம் 2010-இல் சொன்னது. சிறு தொகைக்காரரையும் பெரும் தொகைக்காரரையும் பிரித்துப் பார்க்கவில்லை என்பது அதன் குறை. அது நியாயமான குறைதான். திருத்திய விதிப்படி 1,250 யூரோவும் அதற்குக் கீழும் பெறுபவருக்குப் பெயர் கிடையாது, குறியீடு மட்டும். மற்றவர்களுக்குப் பெயர், ஊர், திட்டவாரியாகத் தொகை.

வயலும் அங்கே மறைவில்லை. பிரான்சின் ஆர்பிஜி வரைபடம் வயல் எல்லை, பரப்பு, பயிர் எல்லாவற்றையும் தருகிறது. விவசாயி பெயர் மட்டும் இருக்காது. இரண்டு ஆண்டு வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், போன ஆண்டு புல்வெளியாக இருந்த துண்டில் இந்த ஆண்டு மக்காச்சோளம் நிற்பது தெரிந்துவிடும்.

பாதுகாப்பு மானியத்தைப் பொறுத்தவரை நாங்கள் பிரான்சின் பக்கம்தான். பணம் வாங்கியவர் பெயரைத் தெரிந்துகொண்டு மட்டும் மண் நின்றதா என்று சொல்ல முடியாது. பெயரை நீக்கிவிட்டு வயலை மட்டும் திறப்பதில் அமெரிக்க விவசாயிக்கு என்ன நட்டம்?

இந்தத் தரவில் வேலை செய்பவர்கள் கவனிக்க: ஐரோப்பியப் பட்டியல்கள் மே 31-க்குள் வெளியாகி, இரண்டு ஆண்டுகளில் இறக்கப்பட்டுவிடும். ஜூன் மாதமே பிரதி எடுத்து வையுங்கள். ஐரோப்பிய வேளாண் நிதியாண்டு அக்டோபர் 16-இல் தொடங்குகிறது, அமெரிக்காவினுடையது அக்டோபர் 1-இல். அமெரிக்கப் பட்டியலின் முகவரியை வைத்துக் கவுண்டிவாரிக் கூட்டல் போடாதீர்கள். அதற்கு அரசின் சிஆர்பி கவுண்டி அட்டவணையைத்தான் எடுக்க வேண்டும்.