செயல்திட்டமா, சட்டமா?

போர்ச்சூழலில் பெண்களைக் காக்கக் கோரும் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1325ஆம் தீர்மானம் 2000 அக்டோபர் 31 அன்று நிறைவேறியது. அதை நடைமுறைக்குக் கொண்டுவர அரசுகளுக்குச் செயல்திட்டம், சட்டம் என இரு வழிகள் உண்டு. தேசியச் செயல்திட்டம் நிர்வாக ஆணையாகவே வெளிவரலாம். டென்மார்க் 2005இலேயே முதலாவதாக வெளியிட்டது. ஆனால் தனி நிதி ஒதுக்கப்படாத திட்டம் ஆட்சி மாறியதும் அலமாரிக்குப் போய்விடும். சட்டமோ நாடாளுமன்றத்தைக் கடக்க வேண்டும். 2011இல் திட்டம் வெளியிட்ட அமெரிக்காவில்கூடச் சட்டம் வர 2017 ஆயிற்று, எனினும் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரசுக்கு அறிக்கை அளிப்பது அதனால் கட்டாயமானது.

தாமதத்தின் வேர் நடைமுறைச் சிக்கலில் இல்லை என்றே எனக்குப் படுகிறது. பாலியல் வன்முறைப் புகாரை விசாரிப்பதைச் சட்டக் கடமையாக்கினால் சொந்தப் படையினரும் கூண்டில் ஏற நேரிடும். உள்நாட்டுக் கிளர்ச்சியை ‘சட்டம் ஒழுங்குப் பிரச்சினை’ என்றே அழைத்துவரும் அரசு, மோதல் நடப்பதையே முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். திட்டத்திலோ அந்த வரியை ‘உரிய நடவடிக்கை’ என்று மழுப்பிவிடலாம். அதனால்தான் தாமதமானாலும் சட்டத்தையே நான் கேட்பேன்.