மலையேற்றமா, சட்டில் ஓட்டமா? கபடிப் பிள்ளைகளின் காலுக்கு எது நல்லது

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் பிள்ளைகளுக்குக் கால் வலு ஏற வேண்டுமென்றால் முதலில் நினைவுக்கு வருவது மலைதான். கோட்டை மலைப் படியோ, வத்தல்மலைச் சாலையோ, ஏறவிட்டால் போதும் என்பார்கள். கபடிக்கும் கோ-கோவுக்கும் என் ஓட்டு மைதானத்துச் சட்டில் ஓட்டத்துக்கும் (இரு கோடுகளுக்கு நடுவே ஓடி, திரும்பி, மறுபடி ஓடுவது) தாண்டலுக்கும்தான்.

மலையின் நன்மை எல்லோருக்கும் தெரிந்தது. மூச்சு தாங்கும், கெண்டைக்கால் இறுகும், செலவில்லை. நெடுந்தூரம் ஓடுகிறவர்கள் அதை விடவே வேண்டாம்.

பயிற்சி எடுத்த 13 வயதுப் பையனையும் எடுக்காதவனையும் 30 மீட்டர் நேராக ஓடவிட்டால், சீக்கிரம் வளர்ந்தவன் பயிற்சி இல்லாமலே முந்திவிடக்கூடும். 4×10 மீட்டர் சட்டிலில், அதாவது 10 மீட்டரை நான்கு முறை போய்த் திரும்பி ஓடுவதில், விஷயம் வெளியே வந்துவிடும். பழகியவன் கோடு வருமுன்பே எட்டைச் சுருக்கி, இடுப்பைத் தாழ்த்தி, வெளிக்காலை ஊன்றித் திரும்புவான். பழகாதவன் நிமிர்ந்தபடியே வந்து, கோட்டைத் தாண்டி இரண்டு எட்டு போய்த்தான் நிற்பான். ஊன்றிய காலின் முட்டி உள்பக்கம் சாயும். ரெய்டில் ஆளை மாட்டிவிடுவது அந்த இரண்டு எட்டுதான்.

ஓட்டத்தை நிறுத்துவதில் பெரும்பாரம் முன்தொடைக்கு. நீண்டுகொடுத்தபடியே அது உடம்பின் வேகத்தைத் தாங்க வேண்டும். ஏற்றத்தில் தசை பெரும்பாலும் சுருங்கியே வேலை செய்கிறது. தாங்கும் வேலை இறக்கத்தில் வருகிறது. ஆனால் பாறைப்படியில் வேகமாக இறங்கவிட்டால் வழுக்கும், இரண்டு நாளைக்குத் தொடை பிடித்துக்கொள்ளும்.

அதனால் முதல் இரண்டு வாரம் இறங்கி நிற்பதை மட்டும் பழக்குங்கள். 20 முதல் 30 செ.மீ. உயரத் திண்டிலிருந்து இரண்டு காலில் குதித்து, மூன்று விநாடி அசையாமல் நிற்க வேண்டும். ஐந்து முறை, மூன்று செட். முட்டி கால்விரல்களுக்கு நேராக இருக்கட்டும். ‘தொப்’பென்று சத்தம் கேட்டால் முட்டி மடங்கவில்லை என்று அர்த்தம். முட்டி உள்ளே சாய்வது வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளிடம் கூடுதலாகத் தெரியும், அவர்களுக்கு இந்தக் கட்டத்தை நீட்டலாம். பிறகு 5 மீட்டர் சட்டில், அது சரியானதும் 4×10. நான்கு சுற்று போதும், நடுவில் இரண்டு நிமிடம் ஓய்வு. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், அடுத்தடுத்த நாளில் வேண்டாம். மூச்சு வாங்கிக்கொண்டே திரும்பினால் பழைய தப்புதான் படியும்.

நம் மைதானங்களில் இறுகிய செம்மண்மேல் பொடிக்கல் கிடக்கும். கோட்டுக்கு இரு பக்கமும் இரண்டு மீட்டர் பெருக்கி, லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டு ஓடவிடுங்கள். சிமென்ட் தளத்தில் தாண்டல் கூடாது. உயரம் திடீரென்று ஏறும் வருடத்தில் முட்டிச்சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து வலித்தால் தாண்டலைக் குறைத்து, வலி நீடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அந்த வருடம் கால் தடுமாறுவதும் சகஜம், திட்டிப் பயனில்லை.

முன்னேற்றத்தை ஆறு வாரத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும். 4×10 நேரத்தையும் நின்றபடி தாண்டும் நீளத்தையும் அதே பிள்ளையின் பழைய அளவோடு வைத்துப் பாருங்கள். தாண்டலில் மூன்றில் சிறந்ததை, பின்னால் விழுந்த குதிகால்வரை அளக்க வேண்டும்.